வாத்து இல்ல, அன்னம்

சார், அந்த ஜன்னலைக் கொஞ்சம் தூக்கி விட்டுக்கிறேன். காத்து வரலைன்னா எனக்குப் படபடன்னு வரும். கண்ணுல தூசி விழுந்தாச் சொல்லுங்க, இறக்கிடுறேன். கம்பம் போறீங்களா? நானும் கம்பந்தான்.

இதை ஒரு நிமிசம் பாருங்க. அப்பளப் பாக்கெட்டு. பாத்தாச்சா? சரி குடுங்க, பைக்குள்ள வச்சுக்கிறேன். சும்மாதான் காட்டினேன். எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்.

எம்பேரு தனுஷ்கோடி. மதுரையில வில்லாபுரம் பக்கம் அப்பளக் கம்பெனி. கம்பெனின்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. கீழ பொம்பளைங்க உக்காந்து அப்பளம் தேய்க்கிற கூடம், மேல காயப்போட மொட்டை மாடி, அவ்வளவுதான். எங்கப்பா ஆரம்பிச்சது. அன்னம் மார்க் அப்பளம். தேனிக்குத் தெக்க கூடலூர் வரைக்கும் நம்ம சரக்குதான் ஓடுச்சு. ஓடுச்சுன்னு சொல்ற மாதிரி ஆகிப்போச்சு. இப்ப ஹைகோர்ட்டுல அப்பீல் கிடக்கு. கம்பத்துல ஒரு பெரியவர் இருக்காரு, அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்தா மார்க் பொழைக்கும். வாங்கலைன்னா போச்சு. வக்கீலம்மா அப்படியே சொல்லிட்டாங்க. கையெழுத்துதானே, போனோமா வாங்கினோமா வந்தோமான்னு இருக்கணும். ஆனா நேத்து ராத்திரி பூரா தூக்கம் இல்ல.

என்ன நடந்துச்சுன்னா, ஆண்டிபட்டிக்காரன் ஒருத்தன், கார்மேகம்னு பேரு, சின்னப் பய. வாத்து மார்க் அப்பளம்னு ஒண்ணு போட்டான். நம்ம மாதிரியே மஞ்சக் காயிதம், நம்ம மாதிரியே சிவப்பு எழுத்து, நடுவுல ஒரு வட்டம், வட்டத்துக்குள்ள வாத்து. அந்த வருசம் தீபாவளி தாண்டுறதுக்குள்ள சின்னமனூர்ல நம்ம ஓட்டம் பாதியாக் கொறைஞ்சுபோச்சு. ஏன்னு போய் விசாரிச்சா, கடைக்கு வர்ற சனம் வாத்து அப்பளம் ஒரு கட்டு குடுங்கன்னு கேக்குது, கடைக்காரன் அவன் சரக்கை எடுத்துக் குடுக்குறான். முன்னாடியெல்லாம் வாத்து அப்பளம்னு கேட்டா நம்மளதைத்தான் எடுத்துக் குடுப்பாங்க.

அதாவது, எல்லாரும் நம்மளதை வாத்துன்னு சொல்றதில்ல சார். சில பேரு. ஒண்ணு ரெண்டு பேரு. எழுதப் படிக்கத் தெரியாத சனம் படத்தைப் பாத்துட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லும். அதை நான் ஒத்துக்கிட்டதே இல்ல.

வக்கீலு மெர்சின்னு ஒரு அம்மா. கெட்டிக்காரி. முதல் நாளு ரெண்டு பாக்கெட்டையும் அவங்க மேசையில பக்கத்துல பக்கத்துல வச்சேன். “பாருங்கம்மா, கழுத்து எம்புட்டு நீளம் நம்மளதுக்கு. அவனோடதுக்குக் கழுத்தே இல்ல. மூக்கைப் பாருங்க. றெக்கையைப் பாருங்க. நம்மளது தெய்வக்களையா இருக்கு, அது ஏதோ சேத்துல கிடந்து எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கு”ன்னு விலாவாரியாச் சொன்னேன். அந்தம்மா பேனாவைக் கீழ வச்சுட்டு என்னையே பாத்தாங்க. “ஐயா, நீங்க கேஸ் போட வந்தீங்களா, அவருக்குச் சாட்சி சொல்ல வந்தீங்களா?”ன்னாங்க.

அப்புறந்தான் வெளக்கினாங்க. கோர்ட்டுல ரெண்டையும் பக்கத்துல வச்சு ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டாங்களாம். யாரு வாங்குறாங்கன்னு பாப்பாங்களாம். பெரிய படிப்புக்காரன் இல்ல, சுத்த மடையனும் இல்ல, நடுத்தரமான ஆளு. அவன் மனசுல பாக்கெட்டு அரைகுறையாத்தான் நிக்கும். போன மாசம் வாங்கினான், மஞ்சளா இருந்துச்சு, நடுவுல ஏதோ ஒரு பறவை. அந்த ஞாபகத்தோட இந்த மாசம் கடைக்கு வர்றான். அவன் ஏமாறுவானா மாட்டானா, அதுதான் கேள்வியாம். பேரோட எழுத்து வேறயா இருக்கலாம், பேரைச் சொல்ற சத்தம் வேறயா இருக்கலாம். அன்னத்துக்கும் வாத்துக்கும் சத்தத்துல ஒட்டே இல்லல்ல? ஆனா வாங்குறவன் மனசுல ரெண்டும் ஒண்ணுன்னு விழுந்துட்டா அதுவும் ஏமாத்துதானாம்.

இருங்க, இப்பப் பாருங்க இதை. முன்னாடி பாத்தீங்களே, அதே பாக்கெட்டுதானே? அதேதாங்கிறீங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அதேதானா? சார், இது அவனோடது. முன்னாடி காட்டினது நம்மளது. வீரபாண்டியிலேருந்து இங்க வர்றதுக்குள்ள நீங்களே ஏமாந்துட்டீங்க, பேண்ட்டு சட்டை போட்ட ஆளு. இதைத்தான் சார் நான் கோர்ட்டுல காட்டியிருக்கணும். உங்களை மாதிரி ஒரு ஆளைக் கூண்டுல ஏத்தியிருந்தா கேஸ் அன்னைக்கே முடிஞ்சிருக்கும். சரி, நம்மளதை இன்னொரு வாட்டி பாருங்க. இதை நீங்க கடையில கேட்டா என்னன்னு கேப்பீங்க?

வாத்தா.

சார், கோவிச்சுக்காதீங்க, ஆனா நீங்க படிச்சவரு. அதுல பெருசா அன்னம்னு எழுதியிருக்கு. வாசிச்சுட்டுப் பதில் சொன்னா என்ன? வேணாம், விடுங்க, சாட்சியும் வேணாம் ஒண்ணும் வேணாம். குடுங்க பாக்கெட்டை.

இல்ல சார், கோவம் இல்ல. என் சுபாவமே அப்படி. என் வீட்டுக்காரி ருக்குமணி, காபியை ஆத்துற மாதிரி நீங்க மனுசங்களையும் மேல தூக்குறதும் கீழ ஊத்துறதுமாவே இருக்கீங்கம்பா. உக்காருங்க, ஜன்னலை இறக்கட்டுமா?

எங்க விட்டேன்? மெர்சியம்மா. அவங்க ஒரே ஒரு விசயந்தான் கேட்டாங்க. “ஐயா, உங்க அப்பளத்தை சனங்க வாத்து அப்பளம்னு கூப்பிடுறாங்கன்னு பிரமாணப் பத்திரத்துல ஒரு வரி போடுறேன். நீங்க வச்ச பேரை விட, சனங்க கூப்பிடுற பேருக்குத்தான் மதிப்பு. அந்த ஒரு வரி இருந்தாப் போதும், அந்தப் பேரைத்தான் அவன் திருடிட்டான்னு நான் பேசிக்குவேன்”னாங்க. அந்த வரியை அடிங்கன்னுட்டேன். அவங்க எவ்வளவோ சொல்லிப் பாத்தாங்க. “எங்கப்பா அன்னம்னு பேரு வச்சாரு. அன்னம்னு பதிஞ்சிருக்கோம். நான் வாத்துன்னு கையெழுத்துப் போட மாட்டேன்”னு சொல்லிட்டேன். அடிச்சுட்டாங்க. பேனாவால இல்ல, கம்ப்யூட்டர்ல. ஆனாலும் அடிச்சது அடிச்சதுதான்.

அப்புறம் என்னைக் கூண்டுல ஏத்துனாங்க. எதிர்த்தரப்பு வக்கீலு நல்ல உசரம், வெள்ளைத் தலை, பைய பைய பேசுவாரு. “தனுஷ்கோடி, அன்னத்தை நேர்ல பாத்திருக்கீங்களா?”ன்னு ஆரம்பிச்சாரு. கோயில் தூண்ல பாத்திருக்கேன்னேன். ஜட்ஜு குனிஞ்சுக்கிட்டாரு. “கடைக்காரங்க யாராவது உங்க சரக்கை வாத்து அப்பளம்னு சொன்னா நீங்க என்ன செய்வீங்க?”ன்னாரு. “சத்தம் போடுவேன்”னேன். “எத்தனை வருசமா?” “எங்கப்பா காலமாகி நான் வியாபாரத்தை எடுத்த நாள்லேருந்து.” “யாராவது வந்து வாத்து அப்பளம்னு கேட்டா, அப்படி ஒண்ணு எங்ககிட்ட இல்லைன்னு சொல்லி அனுப்புங்கன்னு கடை கடையாச் சொல்லி வச்சிருக்கீங்க, உண்மைதானே?” “உண்மைதான்”னேன். சொல்லாம? நெஞ்சை நிமித்திச் சொன்னேன் சார். உத்தமபாளையத்துல ஒருத்தன் சிலேட்டுல வாத்து அப்பளம்னு எழுதி வச்சதுக்கு நானே எச்சியைத் தொட்டு அழிச்சேன்னு, அவரு கேக்காததையும் சேத்துச் சொன்னேன். மெர்சியம்மா கையால நெத்தியை மூடிக்கிட்டாங்க. எனக்கு அப்ப விளங்கலை. தலைவலி போலன்னு நினைச்சேன்.

வாதம் நடந்த அன்னைக்குக் கேக்கணுமே நீங்க. நம்ம வக்கீலம்மா எந்திரிச்சு, அன்னமும் வாத்தும் சாமானிய சனங்க கண்ணுக்கு ஒண்ணுதான், ரெண்டும் தண்ணியில நீந்துது, ரெண்டுக்கும் தட்டை மூக்கு, படத்துல பாத்தா வித்தியாசமே தெரியாதுன்னு பேசுறாங்க. எனக்கு உக்கார முடியலை. நம்ம காசு வாங்கிட்டு நம்ம அன்னத்தையே இப்படிப் பேசுறாங்களேன்னு. அப்புறம் அந்த வெள்ளைத் தலை எந்திரிச்சாரு. அன்னம்னா என்ன, பாலையும் தண்ணியையும் பிரிக்கிற பறவை, கலைமகள் ஏறி வர்ற வாகனம், நடைக்கு உதாரணம்னா அன்னம், பொம்பளைப் பிள்ளைக்குப் பேரு வைக்கிறோம் அன்னம்னு. எவனாவது பிள்ளைக்கு வாத்துன்னு பேரு வைப்பானா? குளத்துல கிடக்குற வாத்தையும் அதையும் எந்தத் தமிழன் ஒண்ணுன்னு நினைப்பான்? அப்படி ஒரு பேச்சு சார். எனக்கு உடம்பு சிலுத்துப்போச்சு. என்னை அறியாம தலையை ஆட்டியிருக்கேன். ஆட்டினது மட்டும் இல்ல, சரிதான் சரிதான்னு வாய் விட்டும் சொல்லியிருக்கேன். ஜட்ஜு கண்ணாடிக்கு மேல பாத்து, “வாதியே ஒத்துக்கிறார் போலயே”ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் கும்பிட்டேன்.

தீர்ப்பு வந்துச்சு. மஞ்சளும் சிவப்பும் அப்பளம் போடுற எல்லாரும் போடுறது, அதுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. பேரு வேற, சத்தம் வேற. படம் கொஞ்சம் ஒத்துப்போனாலும், எங்க சரக்கு வாத்து இல்லைன்னு வாதியே வருசக்கணக்கா வியாபாரிகளுக்குப் பாடம் நடத்தியிருக்கார், வியாபாரிகளும் கத்துக்கிட்டாங்க, அதனால வாத்துன்னு கேட்டா வாத்தைத்தான் எடுத்துக் குடுக்குறாங்க, இதுல குழப்பம் எங்க இருக்குன்னு கேட்டு எழுதிட்டாரு. தள்ளுபடி. நான் மெர்சியம்மாகிட்ட, “பாத்தீங்களா, அன்னம் வேற வாத்து வேறன்னு கோர்ட்டே சொல்லிருச்சு”ன்னேன். “ஆமா ஐயா, அதனாலதான் தோத்துட்டோம்”னாங்க. அவங்க மேல எனக்கு இன்னும் வருத்தந்தான். இன்னும் நல்லா வாதாடியிருக்கலாம்.

அதுக்கப்புறம் கூடத்துல உக்காந்து தேய்க்கிற பொம்பளைங்க பாதிப் பேரை வர வேணாம்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. முப்பது வருசமா வந்தவங்க இருக்காங்க சார் அதுல. ஒருத்தி போகும்போது அப்பளக் குழவியைக் கழுவிச் சுவத்துல சாத்தி வச்சுட்டுப் போனா, நாளைக்கு வர்ற மாதிரியே. இதுதான் என்னைக் கொல்லுது.

சின்னமனூர் வந்துருச்சா? டீ குடிக்கிறீங்களா? வேணாமா. எனக்கும் வேணாம். இறங்கினா நான் அப்படியே எதுக்க நிக்கிற மதுரை வண்டியில ஏறிடுவேன். போன வாரம் அப்படித்தான் ஏறிட்டேன். அதுக்கு முந்தின வாரம் உத்தமபாளையத்துல.

சொல்றேன். கம்பத்துல காதர் ராவுத்தர்னு ஒருத்தரு. பெரிய மளிகைக்கடை. எங்கப்பா முதமுதல்ல சரக்கு போட்டது அவரு கடையிலதான். அவரும் வாத்து அப்பளம்னுதான் சொல்வாரு, அதுக்காக அவருக்குச் சரக்கு அனுப்புறதையே நான் நிறுத்திட்டேன். அதனால கோர்ட்டுக்கு அவரைக் கூப்பிடலை. தோத்தப்புறம் ருக்குமணி எனக்குத் தெரியாம அவருக்குப் போன் பண்ணியிருக்கா. என்ன சொன்னாரோ, உடனே மெர்சியம்மாகிட்ட ஓடியிருக்கா. அந்தம்மா துள்ளிக் குதிச்சு, “ஐயா, இதுதான் வேணும், நேர்ல போய்க் கேட்டுட்டு வாங்க”ன்னாங்க. போனேன்.

படுக்கையிலதான் இருக்காரு. கண்ணு மங்கிருச்சு, குரல் மட்டும் கடைத்தெரு வரைக்கும் கேக்கும். “வா தம்பி, வாத்துக்காரர் மவனே”ன்னாரு. எடுத்த எடுப்புல. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்தேன். “நம்ம அப்பளத்துக்கு வாத்துன்னு பேரு வச்சது யாருன்னு தெரியுமா? சனமும் இல்ல, நானும் இல்ல. உங்கத்தா. முதச் சரக்கு கொண்டாந்த அன்னைக்கு மூட்டையை இறக்கிட்டு, ராவுத்தரே, வாத்து வந்திருக்குன்னாரு. பக்கத்துல உங்கம்மாவும் நிக்கிது. அன்னைலேருந்து எப்பச் சரக்கு வந்தாலும் அதே பேச்சுத்தான். நான் அதைப் பிடிச்சுக்கிட்டேன், என்கிட்டேருந்து ஊரு பிடிச்சுக்கிச்சு”ன்னாரு. உங்கத்தான்னா எங்கப்பா, அவங்க பேச்சு அப்படி.

மெர்சியம்மா என்ன சொல்றாங்கன்னா, இதை அவரு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாப் போதும், கார்மேகம் பொறக்குறதுக்கு முன்னாடியே அந்தப் பேரு நம்ம சரக்குப் பேரு, உரிமைப்பட்டவரே கூப்பிட்ட பேரு. இது நமக்கே தெரியாம இருந்துச்சுன்னு மேல்கோர்ட்டுல சொல்லி உள்ள கொண்டாந்துரலாம். ஜெயிச்சுரலாம். கூடத்துக்கு எல்லாப் பொம்பளைங்களும் திரும்ப வந்துரலாம்.

உங்களுக்கு இதுல என்ன கஷ்டம்னு தோணும். தோணும். யாருக்கும் தோணும். நான் யார்கிட்டயும் சொல்லலை சார், வக்கீல்கிட்டகூட. எங்கம்மா பேரு அன்னம். அன்னத்தாய். சின்ன வயசுல கிணத்து மேட்டுலேருந்து விழுந்து இடது கால் கட்டையாப் போச்சு. ரெண்டு பக்கமும் சாஞ்சு சாஞ்சுதான் நடப்பாங்க. அவங்க தெருவுல தண்ணிக்குப் போனா பயலுக பின்னாடியே வாத்து வாத்துன்னு போவாங்க. என்கூடப் படிச்ச பயலுக. நான் எத்தனை பேரு மண்டையை உடைச்சிருக்கேன் தெரியுமா. அந்தக் காலைப் பாத்தா எனக்கு அப்படி வலிக்கும். அந்தப் பேரைத்தான் எங்கப்பா பாக்கெட்டுல போட்டாரு, அன்னம்னு. அதை எடுத்துட்டு ஊர்ச்சனம் பூரா வாத்துங்குது. நான் கூண்டுல நின்னு, ஆமா, எங்க அன்னத்தை எல்லாரும் வாத்துன்னுதான் கூப்பிடுவாங்கன்னு சொல்லணுமா? நீங்க சொல்வீங்களா?

எங்கப்பா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு. ராவுத்தருக்கு வயசாயிருச்சு, ஞாபகம் பிசகுது. அரைகுறை ஞாபகம்னு கோர்ட்டே சொல்லுதே.

உத்தமபாளையம் தாண்டிட்டமா? நான் பாக்கவே இல்ல. நல்லதாப் போச்சு.

ஒண்ணு சொல்றேன். சிவகாசியிலேருந்து முதமுதல்ல லேபிள் கட்டு வந்துச்சு. நான் மூணாவதோ நாலாவதோ படிக்கிறேன். அப்பா அதைப் பிரிச்சாரு. அம்மா ஒரு லேபிளை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாங்க. “ஏங்க, படம் போடுறவன்கிட்ட என் நடையைச் சொல்லித்தான் வரைஞ்சு வாங்கினீங்களா?”ன்னாங்க. அப்பா வாயைப் பொத்திக்கிட்டாரு. அம்மா அந்த லேபிளை இடுப்புல சொருகிக்கிட்டுக் கூடத்துல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து காட்டினாங்க, வேணும்னே இன்னும் நல்லாச் சாஞ்சு சாஞ்சு. அப்பா புரையேறி இருமுறாரு. நான்தான் சார் அழுதேன். நான் ஒருத்தன்தான் அழுதேன். அந்த லேபிளைப் பிடுங்கிக் கிழிச்சுப் போட்டேன். அம்மா என்னைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, இவன் ஏன் இப்படி இருக்கான்னாங்க. புருசன் முன்னாடி எப்படி அழுவாங்க? அதான் மனசுக்குள்ள வச்சுக்கிட்டு நடந்து காட்டியிருக்காங்க. எனக்குத் தெரியும். என் அம்மாவை எனக்குத் தெரியாதா?

இன்னைக்கு நான் போய்க் கையெழுத்து வாங்கிருவேன். பேனா, ரேகை வைக்கிறதுன்னா அதுக்கு மை அட்டை, எல்லாம் பையில இருக்கு. அப்பா சொன்னதாவே இருக்கட்டும், எழுதிக்கிறேன், பொம்பளைங்களுக்காகவாவது எழுதிக்கிறேன். ஆனா போன தடவை நான் வாசல் வரைக்கும் வந்தப்புறம் ராவுத்தர் பின்னாடியிருந்து ஒண்ணு சொன்னாரு. “தம்பி, உங்கத்தா வாத்துன்னு சொன்னதும் உங்கம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே, கல்லாப்பெட்டிக்கு மேல இருந்த தராசுத் தட்டு ஆடுச்சு”ன்னாரு. நான் திரும்பிப் பாக்கலை. செருப்பைப் போட்டேனா இல்லையான்னுகூட ஞாபகம் இல்ல. இன்னைக்கும் அவரு அதைச் சொல்வாரு. வயசானவரு, சொன்னதையே சொல்வாரு.

எந்திரிச்சுட்டீங்களா? கம்பந்தான், ஆமா. பையை எடுத்துக்கங்க, குடை மேல இருக்கு. சார், ஒரு நிமிசம். எங்கம்மா அன்னைக்கு நிஜமாவே சந்தோசமாத்தான் சிரிச்சாங்கன்னா, நான் இத்தனை வருசமா கடை கடையா ஏறி யாருக்காகச் சண்டை போட்டேன்? அதை மட்டும் சொல்லிட்டு இறங்குங்க.